சிவப்பு எது, நீலம் எது?

"கறுப்பு வெள்ளையில தெரியுதே, அது போதாதாம்மா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"போதாதுண்ணா. சிவப்பு எது, நீலம் எதுன்னு தெரிஞ்சே ஆகணும்."

திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. மெக்கானிக் வீடியோ டேப்பை வெளியே எடுத்தார். கொண்டுவந்த பெண் ஆஸ்பத்திரியில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவள். இதற்குள் ஒன்பது கடை ஏறி இறங்கிவிட்டாள். ஒன்பது கடைக்காரர்களும் சிரித்துத்தான் அனுப்பினார்கள்.

"அப்படி என்னதாம்மா இருக்கு இதுல?"

"ஒரு ஆபரேஷன். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி வெளிநாட்டுல பண்ணினது. எங்க ஆஸ்பத்திரியில பொறந்து இருபது நாளான குழந்தை ஒண்ணு இருக்கு. இதயத்துக்குப் போற குழாயெல்லாம் இடம் மாறிக் கிடக்கு. இதே மாதிரி ஒண்ணை ஒரே ஒரு டாக்டர்தான் சரி பண்ணியிருக்காரு. அவரும் இப்ப இல்ல. அவர் எழுதி வச்சது நாலு வரி. மீதியெல்லாம் இந்த டேப்புலதான் இருக்கு. நிறம் தெரிஞ்சாத்தான் எந்தக் குழாய் எதுன்னு புரியும். நாளை மறுநாள் காலையில ஆபரேஷன்."

"வெளியூருக்கு அனுப்பி நம்ம டிவியில ஓடுற மாதிரி மாத்தி வாங்கலாமே?"

"பத்து நாள் ஆகுமாம். குழந்தை தாங்காது."

மெக்கானிக் ஸ்குரூடிரைவரை மேஜைமேல் வைத்தார். "யாரோட டேப்பு இது?"

"தெரிஞ்ச வீட்டுல இருந்துச்சு. வேற காப்பி கிடையாது. பத்திரம்ணா."

"அந்த நாட்டு டிவி ஒரு முறை, நம்ம டிவி வேற முறைம்மா. டேப்பு பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும். உள்ளே ரெண்டுக்கும் எலியும் பூனையும் மாதிரி ஆகாது. எந்த நாட்டு டேப்பைப் போட்டாலும் நம்ம டிவிக்கு மாத்திக் குடுக்கிற மெஷின் ஒண்ணு உண்டு. அது யார்கிட்ட..." சட்டென்று எழுந்தார். "வண்டியில ஏறும்மா!"

துறைமுகத்துப் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கப்பல்காரர் கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

"வாங்கி வச்சேன், வாஸ்தவந்தான். எங்கே போச்சுன்னு தெரியலையே. இவளே! அந்த வீடியோ மெஷின் எங்கே?"

"எது? என் மீன் தொட்டிக்கு அடியில இருக்கே, அதுவா?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

நான்கு பேரும் சேர்ந்து மீன் தொட்டியை இறக்கினார்கள். இரண்டு மீன்கள் தரையில் துள்ளின. கப்பல்காரர் குனிந்து அவற்றைப் பிடிப்பதற்குள் மெக்கானிக் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

கடைக்கு வந்து மூடியைத் திறந்தால், ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக் கிடந்தது. ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தது. மறுநாள் காலை முழுக்க அவர் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. மூன்று பழைய மெஷின்களைப் பிரித்து மேய்ந்தார். நடுப்பகலில் தன் கல்யாண டேப்பை எடுத்து உள்ளே தள்ளினார்.

"முதல்ல இதைப் போட்டுப் பார்ப்போம். கடிச்சுத் துப்பினாலும் என் பொண்டாட்டி ஒருத்திக்குத்தான் பதில் சொல்லணும்."

கடிக்கவில்லை. கல்யாணப் பந்தல் பளிச்சென்று ஓடியது. பிறகு அந்தப் பெண்ணின் டேப்பைப் போட்டார். கோடு. மறுபடி கோடு. ஒரு திருகைக் கால் சுற்று திருப்பினார்.

படம் உருளாமல் நின்றது. நிறம் வந்தது.

"சிவப்பு! இதோ நீலம்! பார்த்தியாம்மா!" கத்தியவர், திரையில் துடித்துக்கொண்டிருந்தது ஒரு பச்சைக் குழந்தையின் இதயம் என்று உறைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை சர்ஜன் அந்த டேப்பின் ஒரே இடத்தைப் பதினொரு தடவை ஓட்டச் சொன்னார்.

"நிறுத்துங்க. நீலக் குழாயை வெட்டவே இல்ல அவர்! பின்பக்கமா சுத்திக் கொண்டுவந்து தைக்கிறார். நான் வெட்டுறதாத்தான் இருந்தேன்." நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார். "வெட்டியிருந்தா குழந்தையைப் பறிகொடுத்திருப்போம்."

மறுநாள் மெக்கானிக் கடை திறக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் குழந்தையின் அம்மாவோடும் அந்தப் பெண்ணோடும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏழு மணி நேரம் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கதவு திறந்தது. சர்ஜன் முகமூடியை இறக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீலமா இருந்த உதடு சிவந்துடுச்சும்மா. உங்க குழந்தையோட இதயம் இப்ப தானா துடிக்குது."

மெக்கானிக் தன்னை மறந்து கை தட்டிவிட்டார். நர்ஸ் அதட்ட வந்தவள், தானும் சேர்ந்து தட்டினாள். குழந்தையின் அம்மா அழுதாள், சிரித்தாள். பிறகு சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"டாக்டர்... அந்த டேப்புல இருந்த குழந்தை, அது அப்புறம் என்ன ஆச்சு? ரொம்ப நாள் இருந்துச்சா?"

சர்ஜன் படித்த அந்த நாலு வரியில் அது இல்லை.

பதிவேட்டுப் பெண் எழுந்து வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"இருந்துச்சும்மா. பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயம் ஓடுச்சு, கல்யாணம் பண்ணிக்கிட்டுச்சு, ரெண்டு பிள்ளை பெத்துச்சு. மூணு நாளா, தன் டேப்பை ஓட்ட மெஷின் தேடிக் கடை கடையா அலைஞ்சுச்சு."