வேட்டிக்கு அனுமதி இல்லை

"பேண்ட்டும் காலர் வெச்ச பனியனும் போட்டாத்தான் உள்ள விடுவமுங்க" என்று கோல்ஃப் கிளப் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

கந்தவேலுக்குச் சுருக்கென்றது. "சங்ககிரியில லாரி ஆபீஸ் வெச்சிருக்கறவனுங்க நானு. கல்யாணத்துக்கே பேண்ட்டு போடல. இந்தப் புல்லுத்தரைக்குப் போடோணுமா? மொதல்ல ரூலை மாத்தச் சொல்லுங்க!"

"ஃபைனல் ஆட்டத்துக்கு நேரமாச்சுங்க. வழியை விடுங்க" என்றார் காவலாளி.

காரின் பின்கதவு திறந்தது. பேண்ட்டும் பனியனுமாக, தோளில் கோல்ஃப் மட்டைப் பையுடன் அவர் மனைவி சாரதாமணி இறங்கினாள்.

"ஏனுங்க, நீங்க வண்டியிலயே இருங்க. நான் ஆடி ஜெயிச்சுட்டு வாரேன்."

அவள் உள்ளே போவதையே பார்த்து நின்ற கந்தவேல், சட்டென்று டிரைவரிடம் திரும்பினார்.

"தனசேகரு, உன்ற பேண்ட்டும் பனியனும் குடுப்பா. என்ற வேட்டி சட்டையை நீ போட்டுக்க. என்ற சம்சாரம் கப்பு வாங்கறதை நான் பாக்கோணும்!"