கூட்டுக் கடனாளி

தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு வீட்டுக்கடன் தவணையைப் பாதியாக்கித் தருகிறேன் என்று அம்மாவின் செல்போனில் ஏதோ ஒரு செயலியின் குரல் சொன்னபோதே குயிலிக்குச் சந்தேகம்தான். வீடு கையைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் அம்மாதான் பணத்தைக் கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவும் பழமுமாக ஒருவன் தன் தாயோடு வாசலில் வந்து நின்றான்.

"யாரும்மா இது?"

"பேரு ஜெயசீலன். கூடச் சேந்து கடன் கட்ட ஒரு ஆளு இருந்தா தவணை பாதியாயிடுமாம். அந்தக் குரலே பொருத்தம் பாத்து அனுப்பியிருக்குடி."

"ஜாதகமா பாத்துச்சு?"

"சம்பளமும் ஆயுசும் பாத்துச்சாம்."

குயிலி அவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்குங்க. ஆனா எங்க வீட்டுத் தவணையும் பாதியாகும்னு சொன்னாங்க" என்றான் தரையைப் பார்த்தபடி.

"இந்தக் குடும்பத்துல மொதமொதலா டிகிரி வாங்குனவ நான். தவணைக்காகக் கழுத்த நீட்ட மாட்டேன். கெளம்புங்க."

அவர்கள் போனார்கள். வந்தவர்களுக்கென்று போட்ட காபியோடு, ப்ளஸ் டூ படிக்கும் தங்கை மகிழினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்போது மேசையில் கிடந்த அம்மாவின் செல்போன் தானாகவே பேசியது. குரலில் துளிக் கோபமில்லை.

"பரவாயில்லம்மா. சின்னப் பொண்ணுக்குப் பதினெட்டு முடிய இன்னும் எத்தன மாசம் இருக்கு?"

அம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.