கருமணல் குழி

“ஏம்மா! உசுரோட இருக்க பிள்ளைய மண்ணுல புதைக்கியா?”

சைபுதீன் மாட்டுவண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தார். கொழும்பிலிருந்து தோணியில் குளச்சல் வந்து, கோட்டாற்றிலுள்ள வீட்டுக்குப் போகிற வழி. மணவாளக்குறிச்சிக் கரையில், மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்திய இடத்தில்தான் இந்த அக்கிரமம்!

இடுப்பளவு கருமணலுக்குள் நின்ற குழந்தையோ கைதட்டிச் சிரித்தாள்.

“பதறாதீங்க மொதலாளி,” என்றாள் அவளுடைய தாய் நேசபாய். “ரெண்டு வயசாகியும் இவ கால் ஊனல்ல. சூட்டு மண்ணுல நிறுத்துனா காலு உறச்சிரும். அந்தா, வள்ளத்துல ஏறுதானே ஒரு வாண்டு, அவனும் இதே குழியில நின்னவன்தான்.”

கரையேற்றியிருந்த வள்ளத்தின் முனையில் நாலைந்து வயசுப் பொடியன் ஒருவன் தொற்றி ஏறினான். உச்சியில் நின்று கூவிக்கொண்டே மணலில் குதித்தான். உருண்டான். எழுந்து, மறுபடி ஏற ஓடினான். அடேயப்பா, என்ன பிள்ளை! சைபுதீனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

“விழுந்தா?”

“அவன் உம்மா தூக்கமாட்டா. தானே எழும்பட்டும்னு சொல்லுவா. கல்நெஞ்சுக்காரின்னு ஏசாத ஆளில்ல. ஊர் வாய மூட உலமூடி உண்டா? அவ அசையல்ல. எனக்கும் அவதான் சொல்லித்தந்தா.”

“அவளல்லவா தாய்!” என்ற சைபுதீனின் குரல் இறங்கியது. “எனக்கும் ஒரு மவன் இருக்கான். மூணு வருசம் முன்ன நான் தோணி ஏறும்போது நிக்கமாட்டான். போன மாசம் வந்த ஊர்க்காரரும், இன்னும் நடக்கல்லன்னுதான் சொன்னாரு. என் வீட்டுக்காரி பயந்தாங்கொள்ளி, பிள்ளைய இடுப்ப விட்டு எறக்கினாத்தானே!”

அதற்குள் பொடியன் மூச்சிரைக்க வந்து, வண்டியிலிருந்த சக்கரம் வைத்த சின்ன நாற்காலியைத் தடவிப் பார்த்தான்.

“இது ஆருக்கு?”

“நடக்கமாட்டாத ஒரு பிள்ளைக்கு. நீ எந்த ஊரு மக்கா?”

“கோட்டாறு. இந்த மண்ணுக்காவ, உம்மாக்க சாச்சி வீட்டுல வந்து இருக்கோம்.”

“உம்மா பேரு?”

“மைமூன் பீவி.” பையன் ரகசியமாகக் குரலைத் தாழ்த்தினான். “எங்க வாப்பா கொழும்புல இருக்காங்க. நான் ஓடுறது அவங்களுக்குத் தெரியாது. ஆரும் சொல்லக்கூடாதுன்னு உம்மா எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. வாப்பா வந்து எறங்கும்போது, நானே ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கணுமாம்.”

சைபுதீன் கொஞ்சதூரம் விலகிப் போனார். மணலில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் விரித்தார்.

“அப்போ ஓடி வா, மக்கா!”