சட்டத்துக்கு வெளியே

"கையை எடு" என்றார் அண்ணன்.

அவள் எடுக்கவில்லை. மேசைமேல் விரித்திருந்த ஓவியத்தின் வலது ஓரத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தபடியே நின்றாள். அண்ணனின் கையில் கட்டர் இருந்தது. பிளேடு வெளியே நீட்டியிருந்தது.

படங்களுக்குச் சட்டம் போடும் கடை அது. கடை அண்ணனுடையது, வேலை அவளுடையது. கண்ணாடி வெட்டுவது, சட்டம் அறுப்பது, மூலை சேர்ப்பது எல்லாம் அவள்தான். கல்லாவில் உட்காருகிற பெரும்பாடு மட்டும் அண்ணனுக்கு.

ஒரே அருவிப் படத்தை அவள் எத்தனை தடவை சட்டத்துக்குள் அடைத்திருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. அச்சகத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். ஊரில் பாதி வீடுகளின் கூடத்தில் அந்த ஒரே அருவிதான் கொட்டிக்கொண்டிருக்கிறது.

வியாபாரம் மந்தமான ஒரு மதியத்தில் ஃபோன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஓவியம் வரைகிற ஒரு பெண்ணின் பக்கம் கண்ணில் பட்டது. எங்கோ ஓர் ஊரில், சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து வரைந்து, ஈரம் காய்வதற்குள் படம்பிடித்துப் போடுகிறவள். கண்காட்சி இல்லை, நடுவில் தரகர் இல்லை. பிடித்திருந்தால் அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஓவியம் என்றால் ஆனை விலை குதிரை விலை இருக்கும் என்று நினைத்திருந்தாள். பார்த்தால் ஒரு நல்ல புடவையின் விலைதான்.

கடைக்காரப் புத்தி சும்மா இருக்குமா? இதில் எத்தனை ஸ்டாக் இருக்கிறது, பத்தாக எடுத்தால் குறையுமா என்று கேட்டு எழுதிவிட்டாள்.

உடனே பதில் வந்தது. "அக்கா, இது ஒண்ணே ஒண்ணுதான். உங்ககிட்ட வந்துட்டா அப்புறம் எங்கிட்டயே இருக்காது."

படித்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. உலகத்திலேயே ஒன்று. அது தன்னிடம். அப்போதே பணத்தை அனுப்பிவிட்டாள். அண்ணனைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இன்றைக்குக் காலையில் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தபோது, காய்ந்த வண்ணத்தில் பிரஷ் முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு அது அழுக்கு. நகத்தால் சுரண்டப் போனார். அவளோ அந்த ஒற்றை முடியைப் பார்த்துக் குழந்தைபோல் சிரித்தாள். அருவியில் எந்தக் காலத்தில் முடி ஒட்டியிருந்தது?

ஓவியத்தில் ஒரு பேருந்து நிறுத்தம். நீளமான பெஞ்சில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி வாய் நிறையக் கொட்டாவி விடுகிறாள். இன்னொருத்தி பக்கத்தில் இருப்பவளின் காதைக் கடிக்கிறாள். வலது ஓரத்தில் இன்னும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. அதில் வெயில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் படம்.

அளவுதான் வம்பாகிவிட்டது. கடையில் தயாராக இருந்த எந்தச் சட்டத்திலும் அது அடங்கவில்லை. அகலத்தில் கொஞ்சம் மிஞ்சியது. புதிதாக மரம் அறுத்தால் போயிற்று. ஆனால் காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா என்று கேட்டால், யோசிக்காமல் செருப்புக்குத்தான் என்று சொல்கிற மனிதர் அண்ணன். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். வீட்டிலும் கடையிலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஒண்ணுமில்லாத இடம்தானே? அதைக் கழிச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்று பெஞ்சின் காலி இடத்தைத் தட்டிக் காட்டினார்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"படத்துக்குத்தாண்ணா சட்டம். சட்டத்துக்குப் படம் இல்ல."

குரல் நடுங்கும் என்று அவளே எதிர்பார்த்தாள். நடுங்கவில்லை.

அண்ணன் ஸ்கேலை வைத்தார். கட்டரின் நுனி அவளுடைய சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் விரல்களை இன்னும் அகலமாக விரித்தாள். வெட்டுவதானால் கையோடு சேர்த்து வெட்டட்டும்.

கையை எடுக்காமலே தலையை மட்டும் நிமிர்த்தி, கல்லாவுக்கு மேலே சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அண்ணனும் அங்கே பார்க்க வேண்டியதாயிற்று.

கட்டரின் பிளேடு பிடிக்குள் திரும்பப் போகும் சத்தம் கேட்டது. அண்ணன் போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். அவள் மூலையில் சாய்த்திருந்த நீள மரத்தில் நல்லதாக ஒன்றை இழுத்துப் போட்டு, ஓவியத்தின் முழு அகலத்துக்கும் அளந்து கோடு கிழித்தாள்.

கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பது அவர்கள் குடும்பப் படம். வருகிறவர்களிடம் சட்டத்தின் மினுமினுப்பைக் காட்ட அண்ணன் கை நீட்டுவது அதை நோக்கித்தான். எப்போதோ எடுத்த படம். அவள் புகுந்த வீடு வேண்டாம் என்று பெட்டியோடு திரும்பி வந்த வருஷம், அண்ணன் அதைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். அளவு மிஞ்சுகிறது என்று சொல்லி, இதே மேசையில் வைத்து, தன் கையாலேயே ஓரம் வெட்டிச் சட்டம் போட்டார்.

அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள்.

அம்மாவின் தோள்மேல் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.