சபாநாயகர் மூலமாக

"அந்தம்மாவை முக்காட்டை எடுத்துட்டுப் பேசச் சொல்லுங்கண்ணே. டி.வி.யில மூக்கு நுனி மட்டும்தான் தெரியுது."

டில்லியிலிருந்து வந்திருந்த நிருபர் நந்திதாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. சட்டசபையின் பத்திரிகையாளர் மாடத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஜிலே சிங் மீசைக்குள் சிரித்தார்.

கீழே ஹரியானாவின் ஊரக வளர்ச்சி அமைச்சர் ராஜ்வந்தி. மூன்று தேர்தலில் ஜெயித்தவர். அவர் கால் படாத கிராமம் இல்லை, அவரிடம் திட்டு வாங்காத இன்ஜினியரும் இல்லை என்பார்கள். பல ஊர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் தார் ரோடும் அவர் போட்ட சண்டையில் வந்தவைதான். காலையில் நந்திதாவுக்குப் பேட்டி கொடுத்தபோது தலையில் துணியே இல்லை. இப்போது மூக்குவரை முக்காடு.

காரணம் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சௌத்ரி ஜக்மால் சிங், எண்பதை நெருங்கும் கிழவர். அவர் அவைக்குள் நுழைந்ததும்தான் முக்காடு இறங்கியது.

"இவரைக் கண்டா அமைச்சருக்கு அவ்வளவு பயமா?"

"நீயே பாரேன் தங்கச்சி." ஜிலே சிங் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

பயப்படக் காரணம் இருக்கத்தான் செய்தது. விதவைகளின் உதவித்தொகை இனி வீட்டுப் பெரியவர் கைக்குப் போகாது, அவரவர் கணக்குக்கே நேராகப் போகும் என்பது ராஜ்வந்தியின் மசோதா. அரசியலுக்கு வந்த நாள் முதல் அவர் இதற்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்று மூன்று வாக்குகள் குறைந்தன. சௌத்ரியும் அவர் பேச்சைத் தட்டாத இரண்டு உறுப்பினர்களும் மனசு வைத்தால் உண்டு. இல்லாவிட்டால் மசோதா குப்பைக் கூடைக்குத்தான்.

சௌத்ரியோ விளாசித் தள்ளினார். காசு கைக்கு வந்துவிட்டால் பெண்கள் பெரியவர்களை மதிப்பார்களா, குடும்பம் குடும்பமாக இருக்குமா என்று மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டார். அத்தனையையும் சபாநாயகரைப் பார்த்தே கேட்டார். அமைச்சர் பக்கம் தப்பித்தவறிக்கூடத் திரும்பவில்லை. ராஜ்வந்தியும் சபாநாயகரிடமே பதில் சொன்னார். நடுவில் அந்த மனிதரின் தலைதான் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.

'கிழவரைக் கண்டு நடுங்கிய அமைச்சர்' என்று நந்திதா மனசுக்குள் தலைப்புப் போட்டுவிட்டாள். பெண் குலத்துக்கே அவமானம் என்று பொருமினாள்.

கடைசியாக ராஜ்வந்தி எழுந்தார்.

"சபாநாயகர் ஐயா, பெரியவர்கிட்டச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணு. சின்ன வயசுலயே புருஷன் போயிட்டான், இவ கையில குழந்தை. அவ பணம் வீட்டுப் பெரியவர் கைக்குத்தான் போச்சு. குழந்தைக்குப் பாலோ பாடப் புஸ்தகமோ, கதவுக்குப் பின்னாடி நின்னு கேப்பா. அவர் நல்ல மனுஷர். இல்லேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் கேக்க வேண்டியிருந்துச்சு. அந்தக் கேக்கறதை நிறுத்தத்தான் இந்தச் சட்டம்."

சௌத்ரி வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் சபாநாயகர். ஆளும் வரிசை முழுக்க எழுந்தது. போதவில்லை. அவ்வளவுதான் என்று நந்திதா பேனாவை மூடினாள்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு சௌத்ரி எழுந்தார். அவரைப் பார்த்துவிட்டு மற்ற இருவரும் எழுந்தார்கள்.

மசோதா ஜெயித்தது. மேசைகள் அதிர்ந்தன, வாசலில் நின்ற காவலர்கள்கூடக் கைதட்டினார்கள். பின்வரிசைப் பெண் உறுப்பினர்கள் ஓடிவந்து ராஜ்வந்தியைக் கட்டிக்கொண்டார்கள். நந்திதாவுக்கும் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. ஆனாலும் கிழவர் ஏன் மாறினார் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"இப்பத்தான் தங்கச்சி படமே இருக்கு," என்று ஜிலே சிங் கேமராவோடு முன்னால் பாய்ந்தார்.

சௌத்ரி இன்னும் உட்காரவில்லை. இப்போதும் சபாநாயகரைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஐயா, இனிமே என் முன்னாடி முக்காடு வேண்டாம்னு சொல்லிடுங்க, என் மருமககிட்ட."