சத்தமில்லாத கார்

“இதை நீங்களே வச்சுக்குங்க சார். பொம்மை கார் ஓட்டுற வயசை நான் தாண்டிட்டேன்.”

ஒப்பந்தத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மேஜையில் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான் ரேஸ்காரன்.

எலெக்ட்ரிக் கார் அணியின் மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. போன வருஷம் பெட்ரோல் கார் பந்தயத்தில் ஆறு முறை முதலில் வந்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் ஓட்டுகிற அணி இந்த வருஷத்தோடு கடையைக் கட்டுகிறது. வேறு யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்ட ஒரே ஆளிடம் இந்தப் பேச்சு!

“திமிர் சார்” என்றார் தலைமை மெக்கானிக். “எலெக்ட்ரிக் ரேஸைப் பாக்குறதுக்கு வீட்டுல மிக்ஸி ஓடுறதைப் பாக்கலாம்னு பேப்பர்ல பேட்டி வேற குடுத்திருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடலேன்னா வேற ஆளைப் பாருங்க.”

மேனேஜருக்கும் கோபம்தான். ஆனால் அவனைப்போல வண்டியை வளைக்கிறவன் இன்னொருத்தன் கிடைக்க வேண்டுமே! கௌரவம் பார்க்காமல் மறுநாள் காலை அவன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

திறந்தது அவனுடைய அக்கா. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“தம்பி ஓடப் போயிருக்கான் சார். வர்ற நேரம்தான், உக்காருங்க.”

அவள் நாற்காலியைத் தடவித் தேடி இழுத்துப் போட்டபோதுதான், அவளுக்குக் கண் தெரியாது என்பது மேனேஜருக்குப் புரிந்தது. ஆனாலும் வந்த ஆத்திரத்தை அவரால் அடக்க முடியவில்லை.

“உங்க தம்பிக்கு இவ்வளவு தலைக்கனம் ஆகாதும்மா!”

“தலைக்கனமா? அவனுக்கா?” அவள் சிரித்துவிட்டாள். “ஒன்பது வருஷமா ஒரு ரேஸ் விடாம என்னைக் கூட்டிட்டுப் போய் முதல் வரிசையில உக்கார வைப்பான் சார். அக்கா எஞ்சின் சத்தத்தை வச்சே என் காரைக் கண்டுபிடிச்சிடுவாள்னு அவ்வளவு பெருமை. ரேஸ் முடிஞ்சதும் எங்கே எவனை முந்தினான்னு நான் சொல்லணும். உங்க கார்ல சத்தமே இல்லியாமே? அக்காவுக்கு ஒண்ணும் தெரியாமப் போயிடுமேன்னுதான் வேணாங்கிறான். வெளியில சொன்னா, என்னாலதான் அவன் பிழைப்பு போச்சுன்னு ஊர் பேசுமாம். அதான் பொம்மை, மிக்ஸின்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுத் திரியறான்.”

சற்று முன் அவனைத் திட்டியதை நினைத்து மேனேஜருக்கு வெட்கமாக இருந்தது.

“ஓட்டுறதைத் தவிர அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாது சார்” என்றாள் அவள். “ரேஸ் இல்லேன்னா ஆளே உடைஞ்சு போயிடுவான். ஒரு தடவை என்னை உங்க மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அவனை ஓட்ட வைக்கிறது என் பொறுப்பு.”

வெள்ளிக்கிழமை காலை பயிற்சிக்கு நாலு கார்கள் ஒன்றாகக் கிளம்பின. அக்காவின் பிடுங்கல் தாங்காமல் ஒன்றில் அவனும் ஏறியிருந்தான். மூன்றாவது வளைவில், தடுப்புச் சுவருக்குப் பின்னால் மேனேஜரும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் சுற்றில் நாலு கார்களும் ஒரே கும்பலாகக் கடந்து போயின. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

மேனேஜர் அவள் முகத்தையே பார்த்தார். சத்தம் பத்தவில்லையென்று, டிக்கெட் வாங்கிய கண்ணுள்ளவர்களே திட்டுகிறார்கள். இவள் என்ன செய்வாள், பாவம்!

இரண்டாவது சுற்று. ஒரு கார் விர்ரென்று போனது. இன்னொன்று போனது. மூன்றாவது கார் வளைவுக்கு வந்ததும் டயர்கள் கிறீச்சென்று கத்தின. அக்கா சட்டென்று மேனேஜரின் கையைப் பிடித்தாள்.

“இவன்தான்!”

மேனேஜர் எட்டிப் பார்த்தார். அவனேதான்.

“எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“கடைசி நொடியிலதான் பிரேக் பிடிப்பான். சின்ன வயசுல சைக்கிள்ல என்னைப் பின்னால வச்சு ஓட்டுறப்பவும் இதே கதைதான். அவன் முதுகுல மூக்கை இடிச்சே நான் வளர்ந்தேன். ஐயோ, முன்னால போறவனை முந்துறான் சார்! விடாதேடா, விடாதே!”

சுவரைத் தட்டித் தட்டிக் கத்தினாள். பத்து சுற்று முடிகிறவரை அவள் உட்காரவே இல்லை.

கார் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தான் ரேஸ்காரன்.

“என்னக்கா, ஒண்ணும் கேக்கலைல்ல? நான்தான் அப்பவே சொன்னேனே. வா, வீட்டுக்குப் போலாம்.”

“ரெண்டாவது சுத்துல ஒருத்தனை முந்தின. ஆறாவதுல இன்னொருத்தனை. எட்டாவதுல பின் டயர் வழுக்கிச்சு, எனக்கு உசிரே போயிடுச்சு.”

அவன் மலைத்துப்போய் நின்றான். கண் கலங்கிவிட்டது. மேனேஜர் நீட்டிய பேனாவை வாங்கி, காரின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

“நிஜமாச் சொல்லுக்கா. பெட்ரோல் கார் அளவுக்கு உனக்குக் கேட்டுச்சா?”

அக்கா அவன் முகத்தைத் தேடிப் பிடித்து வியர்வையைத் துடைத்தாள்.

“அதுல எங்கேடா கேட்டுது? இருபது காருக்கும் ஒரே எஞ்சின், ஒரே இரைச்சல். நீ வர்றதுக்குள்ள பக்கத்து சீட்டுக்காரங்களைக் கேட்டு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிப்பேன். ஜெயிச்சுட்டு ஓடி வர்றப்ப அக்கா அங்கே இருக்கணுமேன்னுதான் வந்தேன். ஒன்பது வருஷமும் ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சுக்கிட்டுத்தான்டா உக்காந்திருந்தேன்!”