பிலாத்து உடுத்திய சேலை
ஏசுவின் பாடுகளை நடிக்கும் வரதராசன்பேட்டை பாஸ்கா நாடக மேடையில், கோணிச் சாக்கில் வரைந்த ரோமாபுரித் தூண்களுக்கு நடுவே, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தேசாதிபதி பிலாத்து நிற்கிறார். ரோமர் பாணியில் அவருடைய இடது தோளிலிருந்து வழிகிறது சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணி. அது அமலோற்பவத்தின் அம்மாவுடைய கல்யாணச் சேலை. "காணோம்னு அம்மா அழுதுச்சே, நாந்தான்டி நாடகத்துக்கு எடுத்துக் குடுத்தேன். பயமா இருக்கு" என்று தோழி லீலாவின் காதில் முனகுகிறாள் அமலோற்பவம். "அடிப் பாவி! அத்தை பாத்துட்டா?" "அம்மா வராது. கட்டிக்கிட்டு வர வேற நல்ல சேல ஏது? யுத்தத்துல துணியே கெடைக்கலையே." பிலாத்து பித்தளைத் தாம்பாளத்தில் கைகழுவி, முந்தானையில் துடைக்கிறார். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுகிறது. "ஏ சவரியம்மா, ராசா ஒன் சேலையில்ல கட்டியிருக்காரு!" என்று ஒருத்தி கூவுகிறாள். அமலோற்பவம் திரும்புகிறாள். கட்டிய சேலையின் கிழிசல் தெரியாமல் அப்பாவின் வேட்டியைப் போர்த்திக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் அம்மா சவரியம்மா நிற்கிறாள். தலை கவிழ்ந்துபோன மகளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஆமா, நாந்தான் குடுத்தேன்" என்கிறாள், எல்லாருக்கும் கேட்கும்படி.